வேர்முடிச்சின் உள்ளே

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், நிற்கும் நெல்லினூடே ஈர மண்ணில் தூவப்பட்டு, அறுவடைக்குப் பின் பனியையும் எஞ்சிய ஈரத்தையும் உண்டே வளர்கின்ற உளுந்துச் செடி ஒன்றை, பூக்கும் பருவத்தில் வெடுக்கென்று பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்துத் தண்ணீரில் மெல்ல அலசிப் பார்த்தால், அதன் வேர்களில் கடுகளவும் மிளகளவுமாகச் சிறு முடிச்சுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவற்றுள் நன்கு திரண்ட ஒன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். நம்முடைய இரத்தத்துக்குச் செந்நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதமே அந்த நிறத்துக்குக் காரணம்.

இரத்தமே இல்லாத செடிக்கு அந்தப் புரதம் எதற்கு? வாயுமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் நிறைந்திருந்தும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தப் பயிரும் அதை நேராக உட்கொள்ள இயலாது. உரத் தொழிற்சாலைகள் அந்தப் பிணைப்பை உடைக்கப் பொதுவாக 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்குக் குறையாத அழுத்தத்தையும் பிரயோகிக்கின்றன. அதே காரியத்தை வேர்முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே ஒரு நொதியைக் கொண்டு சாதித்துவிடுகிறது. ஆனால் அந்த நொதி பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவோ பிராணவாயு இன்றி உயிர் வாழாது. இந்த இக்கட்டைத் தீர்ப்பதே சிவந்த புரதத்தின் வேலை. பிராணவாயுவைத் தன்னிடம் பற்றிக்கொண்டு, சுவாசத்துக்கு வேண்டிய அளவை மட்டும் சிறிது சிறிதாக விடுவித்து, நொதிக்குக் கேடு வராமல் அது காக்கிறது.

இந்தக் குடியேற்றம் தற்செயலாக நேர்வதன்று. வேர் சில இரசாயனப் பொருள்களை மண்ணில் கசிய விடுகிறது. அவற்றை உணர்ந்த பாக்டீரியா தன் பங்குக்கு வேறொரு பொருளை வெளியிட, வேர்த்தூவி சுருண்டு அதனை அணைத்து உள்ளே செல்ல வழிவிடுகிறது. செடி சர்க்கரைச் சத்தை அளிக்க, பாக்டீரியா நைட்ரஜனாகிய தழைச்சத்தை அளிக்கிறது. சோயாச் செடியில் நடத்திய பரிசோதனைகளில், தழைச்சத்துத் தராத முடிச்சுகளுக்குச் செடி பிராணவாயு வரத்தைக் குறைத்துத் தண்டித்ததையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பேச்சும் பார்வையும் இல்லாத இரு ஜீவன்கள் இத்தனை கறாரான உடன்படிக்கையைக் கைக்கொள்வதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதைப் பண்டைய உழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தாலும், அதன் காரணம் விஞ்ஞானிகளுக்கு விளங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நுண்ணுயிர் நீக்கிய மணலில் தழைச்சத்தின்றி மெலிந்த பட்டாணிச் செடிகள், வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது வார்த்ததும் தளிர்த்துவிட, ஓட்ஸ் பயிருக்கோ அத்தகைய பயன் கிட்டாததைக் கண்ட ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் 1886-இல் தம் முடிவை வெளியிட்டார். 1888-இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

பூஞ்சணங்களின் உதவியோ இதனினும் பரந்தது. பாஸ்பரஸ் எனப்படும் மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராத பொருள். வேர் தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சித் தீர்த்தபின் அப்பால் இருப்பது அதற்கு எட்டுவதில்லை. வேருக்குள் புகுந்து வாழும் சில பூஞ்சணங்கள், வேர்த்தூவியினும் மெல்லிய தம் இழைகளை மண்ணில் நெடுந்தூரம் பரப்பி, எட்டாத சத்தைக் கொணர்ந்து செடிக்குக் கொடுத்து, கூலியாகச் சர்க்கரையையும் கொழுப்பையும் பெறுகின்றன. கடுகு, முட்டைக்கோசுக் குடும்பம் போன்ற சில நீங்கலாக, நிலத்துத் தாவரங்களில் பெரும்பாலானவை இந்த உறவில் வாழ்பவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடைய தாவரப் படிமங்களிலேயே இத்தகைய பூஞ்சணம் காணப்படுகிறது.

தேங்கிய நீரிலும் இத்தகைய கூட்டுறவு உண்டு. நெல் வயலில் மிதக்கும் அசோலாவின் ஒவ்வோர் இலையிலும் சிறு குழிவு அமைந்திருக்க, அதில் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி தங்கித் தழைச்சத்தைச் சேர்க்கிறது. வயல்நீரில் தனித்து வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் நெல்லுக்கு அவ்வாறே உதவுவதை பி. கே. தே என்ற இந்திய விஞ்ஞானி 1939-இல் எடுத்துக்காட்டினார்.

நெல்லின் குலைநோய் போன்றவற்றை விளைவிக்கும் பூஞ்சணங்களும் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றை மட்டுமே கண்டு அஞ்சி, நமக்கு உழைக்கும் கோடானுகோடி உயிர்களை மறந்துவிடுகிறோம். யூரியாவை மிகுதியாக இட்ட பயற்று வயலில் முடிச்சுகள் குறைந்துபோகின்றன. மணிச்சத்து உரம் மிஞ்சினால் பூஞ்சண உறவும் தளர்கிறது. கேளாமலே கிடைக்கும் உணவுக்குச் செடி சர்க்கரை கொடுத்து விலைபேசுவதில்லை.

ஆதலால் பயறு விதைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தந்தப் பயிருக்குரிய ரைசோபியம் பொட்டலத்தை வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். பூக்கும் தறுவாயில் இரண்டு செடிகளைத் தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால், மேலுரமாக யூரியா இடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.