சாவடிக் கதவும் சுண்ணாம்பு வண்டியும்

பெண் வேஷம் பூண்ட ஆடவர்கள், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, நள்ளிரவில் கோடரியும் கையுமாகச் செல்லும் காட்சியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கட்டும். இது நாடக மேடையில் நடந்ததன்று. 1839-ஆம் வருஷம் மே மாதத்தில், வேல்ஸ் நாட்டில் எஃபைல்வென் என்னும் சிற்றூரின் சுங்கச் சாவடியை ஜனங்கள் தகர்த்தார்கள். ரெபெக்காளின் சந்ததியார் பகைவரின் வாசல்களைக் கைக்கொள்வர் என்று பைபிளில் ஓர் ஆசி உண்டு. அதை நினைத்தே தங்கள் தலைவனுக்கு 'ரெபெக்கா' என்று பெயரிட்டார்கள்.

அந்நாட்டு விவசாயிகள் ஏன் இவ்வளவு சீறினார்கள்? அவர்களுடைய நிலம் புளிப்பேறிய மண். சுண்ணாம்பு இட்டால்தான் பயிர் செழிக்கும். சூளையிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டியோ சாவடிக்குச் சாவடி நின்று சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. சாலைகளைத் தனித்தனி டிரஸ்டுகள் நிர்வகித்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று கதவு வைத்தது. வசூலைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரரின் லாபமும் பழைய கடனுக்கு வட்டியும் போனபின், சாலைக்கு மிஞ்சியது சொற்பமே.

கலகம் நாளடைவில் நெறி தவறியது. 1843 செப்டம்பரில், ஹெண்டி சாவடியைக் காத்துவந்த கிழவி ஒருத்தி சுடப்பட்டு மாண்டாள். நியாயமான வழக்கும் இரத்தக் கறை பட்டால் மாசுறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் அவ்வருஷமே நியமிக்கப்பட்ட விசாரணைக் கமிஷன், ஜனங்களின் குறை மெய்யென்றே கண்டது. 1844-ஆம் வருஷத்துச் சட்டத்தால், தென் வேல்ஸில் சிதறிக் கிடந்த டிரஸ்டுகள் இணைக்கப்பட்டு, ஜில்லாதோறும் சாலைப் போர்டுகள் அமைந்தன. சுண்ணாம்பின்மீதான சுங்கம் பாதியாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 'ஃபாஸ்டாக்' கட்டாயமாயிற்று. வண்டிகள் காத்து நிற்பது குறைந்தது நன்மையே. ஆனால் வாங்கும் கை விரைவானால் மட்டும் போதுமா? சாலையில் போட்ட முதல் வசூலாகித் தீர்ந்தபின், கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டுமென்று 2008-ஆம் வருஷத்து விதிகள் கூறின. 2023-இல் செய்த திருத்தம் அந்தச் சலுகையைப் போக்கிவிட்டது.

நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. சாலைக்கு ஆன செலவு, இதுகாறும் வசூலான தொகை, பராமரிப்புக்குச் செலவிட்ட பணம் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் ஒவ்வொரு சாவடி வாயிலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. வேல்ஸ் விவசாயி கோடரியால் கேட்டதை நாம் வோட்டுச் சீட்டினால் கேட்போமாக!