பாலம் கட்டிய வகுப்பு

வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. உதவித்தொகைப் படிவம் பெற்றோரின் வருமான விவரம் கேட்கிறது. கேள்வியை அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் விளக்கி, பதிலை ஆங்கிலத்தில் நிரப்புவது பதினேழு வயது மகள். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை.

கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரில் உள்ள சபோ கல்லூரியில், 1981-ல் ஆலோசகர் ஃபெலிக்ஸ் கலாவிஸும் ஆங்கில ஆசிரியை பாட்ரிசியா மெக்ராத்தும் இத்தகைய குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களைப் புரட்டினார்கள். மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. பலரும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆலோசகரை அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. கல்லூரித் தரத்து ஆங்கில எழுத்து வகுப்பில் சேருவதும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லாமல் இதைத் தேடிக் கண்டதுதான் பெரிய காரியம்!

அப்படிப் பிறந்தது ‘புவென்டே’ திட்டம். ஸ்பானிய மொழியில் பாலம் என்று பொருள். மாணவர் ஆலோசகரைத் தேடிப் போக வேண்டாம். அவரே வகுப்போடு சேர்ந்து இயங்குகிறார். மாணவர்கள் தங்கள் சமூகத்து எழுத்தாளர்களைப் படித்து, பாட்டி கதையையும் வீட்டுக் கதையையும் கட்டுரையாக எழுதுகிறார்கள். வேலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதே இலக்கு.

இன்று கலிபோர்னியாவின் பல சமுதாயக் கல்லூரிகளில் இந்த வகுப்பு நடக்கிறது. எந்த இனத்து மாணவரும் சேரலாம்.