ஆக்சில் மாத்தியாச்சு... ஷாக்கை எங்கே வைப்பது?

உத்திரமேரூர் பக்கம் நெல் மூட்டை ஏற்றும் பழைய பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சில் போய்விட்டது. அதே ஆக்சில் கிடைக்காமல் வேறு வண்டியுடையதைப் போட்டாச்சு. ஆனால் ஷாக் அப்சார்பர் பிராக்கெட் பழைய இடத்தில் இருக்காதே! 'இடம் இருக்கிற பக்கம் வெல்டு அடிச்சிடலாம்' என்றால் அங்கேதான் வினை. ஏரிக்கரை ரோட்டில் காலி வண்டி துள்ளும். டயர் தரையை விட்டு எழும் நொடியில் பிரேக்கும் பிடிக்காது.

முதலில் சாய்வு. ஷாக் செங்குத்தாக நின்றால் முழு வேலை செய்யும். 20 டிகிரி சாய்ந்தால் சுமார் 88 சதவீதம், 45 டிகிரியில் பாதிதான். (கோசைனின் வர்க்கம். பத்தாம் வகுப்பில் படித்ததுதான்!)

சக்கரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னால், இன்னொன்று பின்னால் வைத்தால், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்வதும் குறையும்.

வெல்டிங்குக்கு முன் ஆக்சிலை முழுசா ஏற்றி, இறக்கி அளந்து பாருங்க. மேலே போகும்போது ரப்பர் ஸ்டாப்தான் முதலில் இடிக்கணும், ஷாக் அல்ல. மூட்டை ஏறினால் ஸ்ப்ரிங் பட்டை தாழும்; அதனால் காலி வண்டியில் ஷாக் பாதிக்கு மேல் நீண்டு நிற்கட்டும்.

இன்னொன்று: ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்க.