உயர்நிலைப் பள்ளியில் புள்ளியியல்: கணக்கிடுதலும் பொருள் காணுதலும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றையும் கற்கின்றனர். பத்தாம் வகுப்பில் வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு ஆகியவை சேருகின்றன. கணிதத் தேர்வில் இப்பகுதி மதிப்பெண் தரும் பகுதியாகவே கருதப்படுகிறது. சூத்திரத்தை மனத்திலிருத்தி, அட்டவணையை நிரப்பி, கூட்டி வகுத்தால் விடை வந்துவிடும். ஆயினும், விடையாக வந்த அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று வினவினால், நன்கு படிக்கும் மாணவரும் தயங்கி நிற்பதைக் காண்கிறோம்.

இக்குறையைச் சிறியதெனத் தள்ளிவிட இயலாது. கல்வி, வேலைவாய்ப்பு, நலவாழ்வு, இட ஒதுக்கீடு ஆகியவை பற்றிய வாதங்கள் இன்று பெரும்பாலும் எண்களைக் கொண்டே நடைபெறுகின்றன. எண்ணைப் படிக்க அறியாதவர், தமக்குச் சாதகமானதை ஆராயாமல் ஏற்பார். பாதகமானதை ஆராயாமல் மறுப்பார். இரண்டுமே அறிவுக்கு உகந்தவை அல்ல. எனவே, பள்ளிப் பருவத்திலேயே புள்ளியியலை எவ்வாறு கற்பித்தல் தகும் என்பதை இங்கே ஆராய முற்படுகிறோம்.

எண்ணுதலில் தொடங்குதல்

புள்ளியியலின் முதற்படி எண்ணுதல். இதனை மாணவருக்கு உணர்த்த, நம் அறிவு மரபிலேயே பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி (ஏறத்தாழ 801–873), மறைமொழியில் எழுதப்பட்ட செய்திகளை விடுவிப்பது பற்றி ஒரு நூல் இயற்றினார். ஒரு மொழியில் எல்லா எழுத்துகளும் சம அளவில் வருவதில்லை. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதியாக வருகின்றன. சில எழுத்துகள் அரிதாகவே வருகின்றன. எனவே, அம்மொழியின் தெளிவான உரைப்பகுதி ஒன்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறதென எண்ணி, மறைமொழிச் செய்தியிலுள்ள குறிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், எக்குறி எவ்வெழுத்தைக் குறிக்கிறதென ஊகிக்கலாம் என அவர் விளக்கினார். இன்றைய பாடநூல் நிகழ்வெண் பரவல் என்று கூறுவது இதுவேயாகும்.

செய்தி மிகச் சிறியதாயின் இம்முறை பயன்படாது என்பதையும் அல்கிந்தி சுட்டினார். பின்னர் 13ஆம் நூற்றாண்டில் இப்னு அத்லான் (1187–1268), செய்தியில் ஏறத்தாழ தொண்ணூறு எழுத்துகளாவது இருத்தல் வேண்டுமென வரையறுத்தார். மாதிரி எவ்வளவு பெரிதாக இருந்தால் முடிவை நம்பலாம் என்னும் கேள்வி, இங்கே தெளிவாக எழுப்பப்பட்டிருக்கிறது.

இதனை வகுப்பறையில் செய்து பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தமிழ் நாளிதழின் ஏதேனும் பத்து வரிகளை எடுத்துக்கொண்டு எழுத்துகளை எண்ணட்டும். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள்வதா, மெய்யும் உயிருமாகப் பிரித்து எண்ணுவதா என்பதை முதலில் வகுப்பு முடிவு செய்தாக வேண்டும். எதை எண்ணுகிறோம் என வரையறுக்காமல் எண்ண முடியாது என்னும் முதற்பாடம் அப்போதே விளங்கிவிடும். பின்னர் முடிவுகளை ஒப்பிட்டால், எவ்விருவரின் எண்ணிக்கையும் முழுமையாக ஒத்திராது. ஆயினும் பொதுவான வடிவம் ஒத்திருக்கும். அனைவரின் எண்ணிக்கையையும் கூட்டினால் வடிவம் மேலும் உறுதிப்படும். மாதிரிக்கு மாதிரி வேறுபாடு இருப்பது இயல்பே என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டறிவர்.

எந்தச் சராசரி?

அடுத்து, மைய அளவைகள். சூத்திரத்திற்கு முன் கேள்வியை வைப்பதே சிறந்த வழி. ஒரு கடையில் எட்டுப் பணியாளரும் ஓர் உரிமையாளரும் உள்ளதாகக் கொள்வோம். பணியாளரின் மாத வருவாய் ஆயிரங்களில் 10, 10, 11, 12, 12, 12, 14, 15. உரிமையாளரின் வருவாய் 120. ஒன்பதின் கூட்டுத்தொகை 216, சராசரி 24. ஆனால் 24 ஆயிரம் பெறுபவர் அக்கடையில் ஒருவரும் இல்லை. பணியாளர் எவரும் அதனை நெருங்கவும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால் இடைநிலை அளவு 12, முகடும் 12. இம்மூன்று விடைகளும் சரியானவையே. அவை விடையளிக்கும் கேள்விகள்தாம் வேறு. கடையின் மொத்த வருவாயை அறிய விரும்புவோர்க்குச் சராசரி உதவும். அங்கே வேலைக்குச் சேரும் இளைஞர் எதிர்பார்க்கக்கூடியது என்ன என்பதற்கு இடைநிலை அளவே உதவும்.

மையத்தை அறிந்தால் மட்டும் போதாது. பரவலையும் அறிதல் வேண்டும். ஐந்து தேர்வுகளில் ஒரு மாணவி 58, 60, 60, 60, 62 பெறுகிறார். மற்றொருவர் 30, 45, 60, 75, 90 பெறுகிறார். இருவருக்கும் சராசரி 60. முன்னவரின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.3, பின்னவருடையது 21.2. முன்னவருக்கும் பின்னவருக்கும் ஆசிரியர் கூறவேண்டிய அறிவுரை ஒன்றாக இருக்க முடியுமா? இக்கேள்வியை முன்வைத்த பின்னரே திட்ட விலக்கத்தின் சூத்திரத்தை எழுதினால், அது எதற்காக என்பது மாணவருக்கு விளங்கும்.

யாரிடம் கேட்டார்கள்?

மாதிரி பெரிதாக இருப்பது மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். லாண்டன் எளிதில் வெல்வார் என இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன; பொருளாதார நெருக்கடி மிகுந்த அக்காலத்தில் இவர்கள் வசதி படைத்தோர். மேலும், பதிலளிக்க முன்வந்தோர் வராதோரைப் போன்றவர் அல்லர். இதே தேர்தலில் கேலப் என்பார் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை வைத்தே வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். ஒருபக்கச் சார்பு கொண்ட மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் சார்பு நீங்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம்மைப் பற்றிய ஓர் எண்

இனி, நமது வாசகர் நன்கறிந்த ஓர் எண்ணுக்கு வருவோம். நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006 நவம்பரில் அளித்த அறிக்கையில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 65.1 விழுக்காடு. இது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5 விழுக்காடு. நாட்டளவில் பின்தங்கிய சமுதாயம் இங்கே மாநிலச் சராசரிக்கு மேலே நிற்கிறது. ஒரே சராசரியால் பல்வேறு மாநிலங்களின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

இத்துடன் நிறைவடைந்து பெருமிதம் கொள்வதும் பிழையாகும். 2001இல் தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் நகரவாசிகள். முஸ்லிம்களிடையே அவ்விகிதம் மிகவும் கூடுதல். நகரங்களில் எழுத்தறிவு பொதுவாகவே உயர்ந்திருக்கும். இதன் விளைவைக் கற்பனை எண்களால் காட்டலாம். இரு சமூகத்தாருக்கும் நகரத்தில் எழுத்தறிவு 85, கிராமத்தில் 65 விழுக்காடு என ஒரே அளவாக இருப்பதாகக் கொள்வோம். முதற்சமூகத்தில் 70 விழுக்காட்டினர் நகரத்தில் வாழ்ந்தால் அதன் மொத்த எழுத்தறிவு 79. மற்றதில் 40 விழுக்காட்டினர் வாழ்ந்தால் 73. நகரத்திலும் கிராமத்திலும் வேறுபாடே இல்லாதபோதும், மொத்தத்தில் ஆறு புள்ளி வேறுபாடு தோன்றிவிடுகிறது. உண்மை எண்களில் இக்காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதை, நகர, கிராம, ஆண், பெண் விவரங்களைத் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டே அறிய வேண்டும். மேலும், ‘எழுத்தறிவு’ என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோரில் எழுதப் படிக்கத் தெரிந்தோரின் விகிதமேயன்றி, பள்ளிப் படிப்பை நிறைவு செய்தோரின் விகிதமன்று. இவ்வளவையும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கறிவு கொண்டே மாணவர் புரிந்துகொள்ளலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

அமெரிக்கப் புள்ளியியல் கழகம் பள்ளிகளுக்கென 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், கேள்வியை வகுத்தல், தரவு திரட்டல், பகுத்தாய்தல், பொருள் காணுதல் என நான்கு படிகளைக் கூறுகிறது. நமது வகுப்புகளில் மூன்றாம் படி மட்டுமே நடைபெறுகிறது. பருவத்துக்கு ஒருமுறையேனும் நான்கு படிகளையும் மாணவர் முழுமையாகச் செய்தல் வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் நேரம், ஒரு நாளில் படித்த பக்கங்கள், தெருக் குழாயில் நீர் வந்த மணிநேரம் ஆகியவை போதிய தரவுகளே. குடும்ப வருவாய், பெற்றோரின் தொழில் போன்றவற்றை வகுப்பில் திரட்டலாகாது. ஒரு மாணவரின் வறுமை பலர் அறியும் பாடப்பொருளாகிவிடக் கூடாது. தேர்விலும், ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் விடையின் பொருளை இரண்டு வாக்கியங்களில் எழுதச் செய்து அதற்கும் மதிப்பெண் அளித்தால், கற்பிக்கும் முறை தானே மாறும்.

2021இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அதன் அட்டவணைகள் வெளியாகும் காலத்தில், இன்று பத்தாம் வகுப்பில் இருப்போர் கல்லூரியிலோ பணியிலோ இருப்பர். ஊரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என்ன தேவை என அவ்வட்டவணைகளைக் கொண்டு எழுத வேண்டியவர்களும் அவர்களே. அதற்கான பயிற்சியைத் தர, ஆண்டில் ஏழெட்டுப் பாடவேளைகள் போதுமென நாம் கருதுகிறோம்.