80-ஆ, 100-ஆ? மின்சார லோடு வண்டிக்கு எவ்வளவு சார்ஜ் போட வேண்டும்?

போரூரில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் போன மாதம் தொடர்ந்து மூன்று இரவுகள் 1 மணிக்கு அலாரம் அடித்தது. சித்தி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, வாசலில் நிற்கும் மின்சார லோடு வண்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து படுப்பார். காரணம், சித்தப்பா செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. 'பேட்டரியை 80 சதவிகிதத்துக்கு மேல் சார்ஜ் போட்டால் சீக்கிரமே செத்துவிடும்' என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தப்பா பயந்ததில் தப்பில்லை. வண்டிக் கடன் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறது. மின்சார வண்டியில் விலை அதிகமான ஒற்றைப் பொருள் பேட்டரிதான். அது போனால் மாதத் தவணை மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாவது நாள் கூடுவாஞ்சேரிக்கு ஒரு மதிய லோடு வந்தது. திரும்பி வரும்போது பெருங்களத்தூர் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் 14 பெட்டி தக்காளி, மேலே வெயில். வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றியதில் அன்றைய வருமானம் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

"ஏம்மா, பத்திரிகையிலதானே வேலை பார்க்குற? 80 போடணுமா, 100 போடணுமா? யார்கிட்டயாவது கேட்டுச் சரியாச் சொல்லு. உங்க சித்தி மூணு நாளா என்னோட பேசுறதில்ல."

அவருக்காகத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

80 எங்கிருந்து வந்தது?

அந்த வீடியோ சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்காவில் மின்சார பிக்கப் டிரக் விற்கும் ரிவியன் நிறுவனம், அன்றாட ஓட்டத்துக்கு 70 சதவிகிதம் சார்ஜ் போதும் என்கிறது. ஃபோர்டு, தன் எஃப்-150 லைட்னிங் டிரக்குக்கு 90 வரை போகலாம் என்கிறது. தூரப் பயணத்துக்கு மட்டும் 100 என்பது இரண்டு நிறுவனங்களும் சொல்வது.

ஆனால், அந்த டிரக்குகளின் பெரிய பேட்டரி மாடல்கள் ஒரு முழு சார்ஜில் சுமார் 500 கிலோமீட்டர் ஓடக்கூடியவை. 70 சதவிகிதம் போட்டாலும் 350 கிலோமீட்டர் கையில் இருக்கும். வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது.

நம் ஊர் சின்ன லோடு வண்டியின் நிலைமை வேறு. 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் இ.வி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி 21.3 கிலோவாட் ஹவர். மின்சார பில் பாஷையில் சொன்னால் 21.3 யூனிட். ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது சான்றளிக்கப்பட்ட தூரம். லோடு, ஏ.சி. இல்லாத வெயில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்பது எல்லாம் சேர்ந்தால் தெருவில் கிடைக்கும் தூரம் அதைவிடக் குறையும். இதில் 20 சதவிகிதத்தைக் கழித்தால், நஷ்டப்படுவது அன்றைய கடைசி டிரிப்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

டவுன் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுகிறவர் விருப்பப்பட்ட சீட்டில் உட்காருவார். பாதி நிறைந்த பிறகு தேடி உட்கார வேண்டும். கடைசிப் பத்து பேர் இடித்துப் பிடித்துத்தான் ஏற முடியும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகளுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நிலைமை. அதனால்தான் ஃபாஸ்ட் சார்ஜரில் 20-லிருந்து 80 வரை மளமளவென ஏறிவிட்டு, அதற்குமேல் நத்தை வேகமாகிறது. கடைசிக் கட்டத்தில் கரன்ட்டைக் குறைத்து மெல்ல ஏற்றுவது, செல்களைக் காப்பாற்றத்தான்.

பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்டேஜ் உயரும். உயர்ந்த வோல்டேஜில் உள்ளிருக்கும் திரவத்தில் வேண்டாத பக்க வினைகள் வேகமாக நடக்கும். ஒவ்வொரு வினையும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிடும். தின்றது திரும்பி வராது. இதோடு வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு.

ஆகவே, 100-ஐத் தொடுவதைவிட 100-லேயே, அதுவும் வெயிலில், மணிக்கணக்கில் நிற்பதுதான் பேட்டரியை அதிகம் தேய்க்கிறது. வீடியோ இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

உங்கள் வண்டியில் எந்த பேட்டரி?

வண்டிகளில் அதிகம் வருபவை இரண்டு வகை. ஒன்று என்.எம்.சி. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது. குறைந்த எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும். ஆனால் நிறைந்த நிலையில் அதிகம் தேயும். அமெரிக்க டிரக்குகளின் 70, 90 கணக்கெல்லாம் பெரும்பாலும் இதற்காகச் சொன்னது.

இன்னொன்று எல்.எஃப்.பி. அதாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட். கொஞ்சம் எடை கூடுதல். ஆனால் வெப்பத்தைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் போடலாம். ஏஸ் இ.வி-யில் இருப்பது இதுதான். சித்தப்பா வண்டியிலும் இதே வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த வகையின் கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குட்இனஃப். 1997-ல் எல்.எஃப்.பி-யை உலகுக்குச் சொன்னது அவருடைய குழு. அதற்கு வழிவகுத்த ஆய்வுகளை 1980-களில் அவரோடு சேர்ந்து செய்தவர், தென் தமிழகக் கிராமத்தில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். நோபல் விழாவின்போது 97 வயது குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே.

எல்.எஃப்.பி-யில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்தாலும், முக்கால்வாசி தீர்ந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். திடீரென்று ஒருநாள் அணையும். அதனால்தான் சிலிண்டர் மாற்றிய தேதியை காலண்டரில் குறித்து வைக்கிறோம். எல்.எஃப்.பி-யும் அப்படித்தான். நடுப்பகுதியில் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எவ்வளவு மிச்சம் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் வோல்டேஜை வைத்துச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் சொல்லும். நாள்பட அந்தக் கணக்கில் பிசகு சேரும். 100 வரை போட்டால்தான் கணக்கு மறுபடி சரியாகும். செல்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு சமன்படுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது 100 போடச் சொல்வது இதனால்தான்.

அதற்காக எல்.எஃப்.பி-க்குத் தேய்மானமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வு, எப்போதும் நிறைந்த நிலையை ஒட்டியே பயன்படுத்தினால் எல்.எஃப்.பி-யும் சீக்கிரம் தேய்கிறது என்று காட்டியது. 100 போடலாம், 100-லேயே குடியிருக்கக் கூடாது.

சித்தப்பாவின் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை போரூர் போய் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம். பத்தாவது படிக்கும் தங்கைதான் கணக்குப் போட்டாள்.

வண்டியின் பேட்டரி சுமார் 20 யூனிட். லோடோடு ஓடினால் 110 கிலோமீட்டர் வருகிறது. கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி தாம்பரம், வண்டலூர் கடைகளில் இறக்கி, மதியம் கிடைக்கும் லோடையும் பார்த்தால் ஒரு நாளைக்கு 85-லிருந்து 90 கிலோமீட்டர். 80 சதவிகிதம் போட்டால் கிடைப்பது 88. முதல் இரண்டு நாள் மதிய லோடை விட்டதால் தப்பித்தார். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டார்.

அடுத்து நேரக் கணக்கு. இரவு 9 மணிக்கு பிளக் போடுவார். அப்போது 20 சதவிகிதம் மிச்சம் இருக்கும். 16 யூனிட் ஏற வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறினால், கடைசி நேர மெதுவையும் சேர்த்து 6 மணி நேரம். அதிகாலை 3 மணிக்கு நிறையும். சித்தப்பா கிளம்புவது மூன்றரைக்கு.

"அப்படின்னா அப்பா வண்டி ஃபுல்லா நிக்கிறதே அரை மணி நேரம்தான்" என்றாள் தங்கை.

வீடியோ பார்ப்பதற்கு முன்பு அவர் செய்துகொண்டிருந்ததே சரி. சித்தி அலாரம் வைத்து எழுந்ததெல்லாம் வீண். சித்தி சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அவர் பேப்பரைப் பார்த்தார்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. சனிக்கிழமை மதியம் 3 மணிக்கே வேலை முடிந்துவிடும். வந்ததும் பழக்கதோஷத்தில் பிளக் போட்டுவிடுவார். இரவு 9-க்கு நிறைந்துவிடும். ஞாயிறு விடுமுறை. திங்கள் அதிகாலை மூன்றரை வரை, அதாவது 30 மணி நேரத்துக்கு மேல், தகரக் கொட்டகை சூட்டில் வண்டி 100 சதவிகிதத்தில் நிற்கும். வாரா வாரம் இப்படித்தான் நடந்திருக்கிறது. மாற்றம் ஒன்றுதான்: இனி சனிக்கிழமை பிளக் கிடையாது, ஞாயிறு இரவு 9 மணிக்குத்தான்.

பெரிய டிரக்குகளுக்கும் இதே நியாயம்

சென்னையைச் சேர்ந்த முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா நிறுவனம் விற்கும் ரைனோ, 55 டன் வகை மின்சார டிரக். அதன் பேட்டரி 282 யூனிட். இவ்வளவு பெரிய பேட்டரியை ஃபாஸ்ட் சார்ஜரில் 100 வரை காத்திருந்து நிரப்புவதைவிட, லோடு இறக்கும் நேரத்தில் 20-லிருந்து 80 வரை இரண்டு முறை போடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பேட்டரிக்கும் நல்லது. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மானியம் பெறும் டிரக்குகளின் பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி தர வேண்டும் என்பது விதி. எது முந்துகிறதோ அது. வாரன்ட்டி கேட்டுப் போகும்போது, கையேட்டில் சொன்னபடி சார்ஜ் போட்டீர்களா என்பதும் கேள்வியாக வரலாம்.

மலையூர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சார வண்டி இறக்கத்தில் வரும்போது மோட்டாரே பிரேக்காக மாறி பேட்டரிக்கு மின்சாரம் தரும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடம் இருக்காது. பிரேக் பாரம் முழுக்க சக்கரத்து பிரேக் மேல் விழும். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ சார்ஜ் போட்டு, லோடோடு கீழே இறங்குகிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டுக் கிளம்புவது நல்லது.

செய்ய வேண்டியவை

• வண்டியில் எந்த வகை பேட்டரி என்று கையேட்டில் பாருங்கள். சார்ஜ் பற்றி நிறுவனம் சொல்லியிருப்பதே முதல் விதி.

• என்.எம்.சி. என்றால் அன்றாடம் 80, 90-லேயே வேலை முடியுமா பாருங்கள். முடியாத நாளில் 100 போடத் தயங்க வேண்டாம்.

• எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறையாவது 100 வரை போடுங்கள்.

• கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு பிளக் போடுங்கள். நிறைந்ததும் கிளம்புவதுதான் நோக்கம்.

• விடுமுறை நாளில் பாதி சார்ஜில், நிழலில் நிறுத்துங்கள்.

• வெயிலில் ஓடி வந்த வண்டிக்கு உடனே பிளக் போடாமல், ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

• அடிக்கடி 10 சதவிகிதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். காலியாகவே நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து சித்தப்பாவுக்கு போன் செய்தேன். கூடுவாஞ்சேரி லோடு இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறதாம். அன்றைக்கெல்லாம் திரும்பும் வழியில், டீ குடிக்கும் நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறாராம்.

"சித்தி பேசுறாங்களா?" என்று கேட்டேன்.

"பேசுறா. ஆனா அந்த அலாரத்தை மட்டும் அழிக்கலை. திரும்ப வீடியோ பார்த்தா, அதை என் காதுல வைப்பாளாம்."