கொத்தனாரின் ஜாமீன்

ஏழைக்கும் பணக்காரருக்கும் சட்டம் ஒன்றே என்பதைத் தீர்ப்புகளில் எழுதிக்காட்டியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். சிறை வாசலில் அந்த எழுத்து இன்னமும் தயங்கி நிற்கிறது.

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் மோத்தி ராமை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும் அவரால் சிறையிலிருந்து வெளியே வர முடியவில்லை. ஜாமீன் தொகையை முடிவு செய்யும் பொறுப்பு தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டிடம் விடப்பட்டிருந்தது. அவர் கேட்டது ரூ. 10,000. கூலிக்குக் கல் அடுக்குகிறவருக்கு அது எட்டாத தொகை. சகோதரர் பிணை நிற்க வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. கொத்தனார் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியதாயிற்று.

1978 ஆகஸ்ட்டில் அந்த மனுவுக்குத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ சாந்தினி சௌக்கிலோ வழக்கில் சிக்கிக்கொண்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவரை அந்நியராக நடத்துவதை அவரால் சகிக்க முடியவில்லை. ரூ. 1,000க்கான சொந்தப் பத்திரத்தின் பேரில் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார்.

ஏழையின் இடத்திலிருந்து சட்டத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் நீதிபதி நாற்காலியில் அமர்ந்த பிறகு வந்ததல்ல. தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோதே விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடியவர் கிருஷ்ணய்யர். கம்யூனிஸ்ட்டுகளுக்கு உதவினார் என்று 1948ல் அவரே சிறையில் அடைக்கப்பட்டார். 1952ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957ல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் அவர் கவனித்த துறைகளில் சட்டத்தோடு சிறையும் இருந்தது. 1968ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. கைதி, வக்கீல், அமைச்சர், நீதிபதி என்று நான்கு பக்கத்திலிருந்தும் சிறையைப் பார்த்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

நாடு அவர் பெயரைக் கேட்டது 1975 ஜூன் 24 அன்று. அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்ட இந்திரா காந்திக்கு, விடுமுறைக் கால நீதிபதியாக இருந்த அவர் நிபந்தனையுடன் கூடிய தடையை மட்டுமே கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் நெருக்கடி நிலை வந்தது.

ஆனால் அவரது உண்மையான முத்திரை, பெயர் தெரியாதவர்களின் வழக்குகளில்தான் இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதியாக திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி சித்ரவதைக்கு ஆளானதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. சிறைக்குள் போனதும் மனிதனின் அடிப்படை உரிமைகள் மறைந்துவிடுவதில்லை என்பது அந்த வழக்குகளில் அவர் நிலைநாட்டிய கொள்கை.

1980ல் கைவிலங்கு வழக்கு. 'மேல் வகுப்பு' விசாரணைக் கைதிக்குச் சலுகை, சாதாரணக் கைதிக்கு விலங்கு என்று போலீஸ் விதி சொன்னது. பணமும் அந்தஸ்தும் பார்த்து விலங்கு பூட்டுவது சமத்துவத்துக்கு எதிரானது என்றார் கிருஷ்ணய்யர். அதே ஆண்டில், சாக்கடை கட்டப் பணமில்லை என்று கைவிரித்த ரத்லாம் நகராட்சியின் வாதத்தைத் தள்ளினார். வெளியுறவுத் துறையில் பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை, முத்தம்மா வழக்கில் 1979ல் வெளுத்து வாங்கினார்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றக் கதவு திறந்திருந்தும் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். இலவச சட்ட உதவி பற்றி அவர் தலைமையிலான குழு 1973ல் அறிக்கை தந்தது. 1976ல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி 1995ல் அமலுக்கு வந்தது. இன்று மாவட்டந்தோறும் இயங்கும் சட்டப் பணிகள் ஆணையத்தின் வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. தூக்குத் தண்டனையை மிகவும் சுருக்க முயன்ற அவரது 1979 தீர்ப்பின் அணுகுமுறையை, மறு ஆண்டே ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையாக நிராகரித்தது. தனியார் சொத்தும் சமூகத்தின் வளமே என்ற அவரது கருத்தை 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை ஏற்கவில்லை. அகராதியைத் தேட வைக்கும் அவரது ஆங்கிலமும் கேலிக்குத் தப்பவில்லை.

எனினும் 'ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு' என்று 1977ல் அவர் வகுத்ததை எந்த அமர்வும் தள்ளவில்லை. நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டாத ஆண்டில்லை. கடைப்பிடிப்பதுதான் தகராறு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை.

ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க வழியில்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காக 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்குள் வெளியே போகாத கைதியைப் பற்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் தரப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற வற்புறுத்தல் விடுதலையைத் தாமதப்படுத்துகிறது. அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

கொத்தனார் வழக்கில் 44 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டதுதான் இது. சாந்தினி சௌக்கில் சிக்கிய தமிழருக்காக அன்று கேட்ட கேள்வி, வேலை தேடி திருப்பூருக்கு வந்து வழக்கில் மாட்டிக்கொள்ளும் பீகார்க்காரருக்கும் பொருந்தும். அவருக்கும் இங்கே சொத்துள்ள சொந்தக்காரர் கிடையாது.

2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் கிருஷ்ணய்யர் மறைந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்தச் சிலை தேவையில்லை. ஜாமீன் மனு முன்னால் வரும்போது, எதிரே நிற்பவரின் தினக்கூலி எவ்வளவு என்று மாஜிஸ்திரேட் ஒரு முறை கேட்டால் போதும்.