பேட்டரி திடீரென்று ஓய்வது ஏன்?

பாலக்காட்டில் பல மாதங்கள் பணியாற்றிய ஜீப் வண்டியொன்று பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக ஒரு நாள் மாலை மூணாற்றை அடைகிறது என்று கொள்வோம். வழியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்னும் ஓசை மட்டுமே எழுகிறது. வட்டவடைக்குச் செல்லவேண்டிய சுகாதார ஊழியர்களும் தடுப்பு மருந்துப் பெட்டியும் சாலையோரத்தில் காத்து நிற்க, “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!” என்று ஓட்டுநர் வியக்கிறார். எல்லைப்புற மலைப் பகுதிகளில் பணிபுரியும் அன்பர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் அவ்வியப்பு பொருத்தமானதா என்பதே நாம் ஆராயவேண்டிய கேள்வி.

இந்நிலையிலுள்ள பேட்டரியை ‘இறந்தது’ என்று ஆங்கில நூல்கள் கூறும். நம் பட்டறைகளிலோ ‘பேட்டரி இறங்கிவிட்டது’ என்பார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் பட்டறைச் சொல்லே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இறங்கியது மீண்டும் ஏறக்கூடும். ஓய்ந்துபோன பேட்டரிகளிற் பல உண்மையில் அத்தகையனவே.

மோட்டார் வண்டியின் பேட்டரி என்பது ஆறு சேமக்கலங்களின் தொடர். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே அமைத்த ஈய-அமிலக் கலமே இதற்கு மூலம். ஈயப் பெராக்சைடுத் தகடும் ஈயத் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்சாரம் வெளிப்படுகையில் இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. ஆகவே அமிலத்தின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தால் பேட்டரியின் நிலை புலப்படும். முழுமையாக மின்னேற்றிய கலத்தில் அது ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரையிலும், வெறுமையான கலத்தில் 1.12-க்கு அருகிலும் இருக்கும். மூடி திறக்க இயலாத பேட்டரியாயின் வோல்ட்மீட்டரே துணை. சில மணி நேரம் ஓய்விலிருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 எனில் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே எனில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

இனி, நேற்று ஓடிய வண்டி இன்று ஓடாததற்கு வருவோம். பாலக்காட்டில் கோடையில் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடும் நாட்கள் உண்டு. எஞ்சினுக்கு அருகே அது இன்னும் மிகுதி. உஷ்ணம் 10 டிகிரி உயருந்தோறும் ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. இதனால் தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் வற்றுகிறது, பேட்டரி சும்மா இருக்கும்போதே மின்சாரத்தை இழக்கிறது. ஆனால் வெப்பத்தில் எஞ்சின் எளிதிற் கிளம்பிவிடுவதால் இந்நோய் வெளியே தெரிவதில்லை. ஜனவரி மாதத்தில் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் உறைபனி படியும் காலைகள் உண்டு. 0 டிகிரியில் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எண்ணெய் தடிப்பதால் எஞ்சினைச் சுழற்ற அதிக விசையும் வேண்டும். பாலக்காட்டு வெயில் உண்டாக்கிய நோயை மூணாற்றுக் குளிர் வெளிப்படுத்துகிறது என்க. அடிக்கல் 1948-லும் திறப்பு 1953-லும் நிகழ்ந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கலங்களைப் பற்றி ஆராய்ந்து வந்துள்ளது.

ஆயினும் புதிய பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்னர் முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்த்தல் நலம். விளக்கு மெல்ல மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. சற்றும் மங்காமல் எரிந்து, எஞ்சினும் அசையாவிட்டால், குறை ஸ்டார்ட்டரிலோ அதன் சுவிட்சிலோ இருத்தல் கூடும். விளக்கு முற்றிலும் அணைந்தால் முனை இணைப்புகளையே முதலில் ஐயுற வேண்டும்.

இம்மூன்றாவது நிலையை ஆசிரியர்கள் வகுப்பில் ஓம் விதிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்து, 0.02 ஓம் தடை உண்டாகியிருக்கிறதென்க. விளக்குகளுக்குச் செல்லும் 10 ஆம்பியருக்கு அங்கே இழப்பு 0.2 வோல்ட்டே, ஒருவரும் அறியார். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்க முயன்றாலோ இழப்பு 4 வோல்ட்! எஞ்சியிருப்பது கொண்டு எஞ்சின் சுழலுமா? எதிர் முனையை முதலிலும் நேர் முனையை அடுத்தும் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி (கலத்தினுள் ஒரு துளியும் புகலாகாது), உலர்த்தி முடுக்கி, வாசலின் பூசினால் போதும். செலவு சில ரூபாய்.

கண்டுபிடிக்கக் கடினமானது மற்றொன்று. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலக ஜீப்பின் பேட்டரி இறங்கிற்று. பட்டறையொன்றில் உடனே புதிது மாற்றினார்கள். வண்டி மூன்று நாள் நின்றது. நான்காம் நாட் குளிரில் அப்புதியதும் இறங்கியிருந்தது. முன்பலகையிலுள்ள சிறு அறையின் மூடி சுவிட்சை அழுத்தாமையால், உள்ளே 5 வாட் விளக்கொன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர், நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாட்களில் பாதி தீர்ந்துவிடும். பழைய பேட்டரி பாவம், குற்றமற்றது.

இத்தகைய கசிவை அறிய, எதிர் முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவையில் இணைக்கவேண்டும். அப்போது ஸ்டார்ட்டரை இயக்கவே கூடாது. அளவு 0.05 ஆம்பியருக்கு மிகுமாயின், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க, எதனை எடுத்ததும் அளவு விழுகிறதோ அவ்வழியில் கள்வன் இருக்கிறான். இக்கால வண்டிகளில் மின்னணுக் கருவிகள் அடங்க அரை மணி நேரங்கூட ஆகலாம்; அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும்.

விலையுயர்ந்த பந்தய வகைக் கார்களின் பேட்டரி அடிக்கடி ஓய்வதற்கும் இதுவே காரணம். அவை ஓடும் நாட்களைவிட கொட்டகையில் நிற்கும் நாட்களே அதிகம். திருட்டு எச்சரிக்கைக் கருவியும் கணிப்பொறிகளும் 0.05 ஆம்பியரே இழுத்தாலும், 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அந்நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் சல்பேட்டு கடினமான படிகமாகி, பின்னர் மின்னேற்றினும் கரையாது. மழைக்காலத்தில் வாரக்கணக்காக நிற்கும் நம் ஜீப்புக்கும் இவ்விதி பொருந்தும். ஓட்டாது நிறுத்தும் வண்டியில் எதிர் முனையைக் கழற்றி வைப்பதே எளிய காப்பு.

மலையில் உதவிக்கு முதலில் வருவது பெரும்பாலும் லாரியாகவே இருக்கும். பல பெரிய லாரிகளில் 24 வோல்ட் அமைப்பு உண்டு. அதனை ஜீப்பின் 12 வோல்ட் பேட்டரியுடன் இணைத்தால் கேடு விளையும். 12 வோல்ட் வண்டி கிடைத்தால், நேர் முனையை நேர் முனையுடன் இணைத்து, உதவும் வண்டியின் எதிர் முனையிலிருந்து வரும் கம்பியை ஓய்ந்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தொலைவாக, இறுதியாக இணைக்கவேண்டும். பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணப்படவேண்டும். காணாவிடில் ஆல்டர்னேட்டரோ அதன் பட்டையோ பழுது. அவ்வண்டியை வட்டவடைக்கு அனுப்பாது, மூணாற்றிலேயே பழுது பார்த்தல் வேண்டும்.